பரணில் இருக்கும் கிதாபும் பாட்னா நூலகமும்

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





ஆண்டறிக்கை வாசித்தாகிவிட்டது. கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, கணவரை இழந்த சகோதரிகளுக்கான மாதாந்திர அரிசி ஆகியவற்றின் கணக்கைப் பொருளாளர் சொல்லிவிட்டார். இப்போது நாங்கள் பேசப்போவது பணம் கேட்கும் விஷயமல்ல. ஆகவே பின்வரிசையில் எழுந்தவர்கள் நிம்மதியாக உட்காரலாம். நம் வீடுகளில் துணியில் சுற்றிப் பரணிலும் அலமாரி மேல்தட்டிலும் வைத்திருக்கிறோமே, அந்தப் பழைய கிதாபுகளைப் பற்றித்தான் பேச்சு. அதைச் சொல்வதற்கு முன் பீகார் மாநிலத்துப் பாட்னாவில் இருக்கிற ஒரு நூலகத்தின் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குடும்பத்துக் கிதாபுகள் எப்படி ஒரு சமுதாயத்தின் கிதாபுகள் ஆயின என்பதற்கு நம் நாட்டில் அதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

பாட்னாவில் முகம்மது பக்ஷ் என்றொரு வக்கீல் இருந்தார். பெரிய ஜமீன்தார் அல்ல. கையெழுத்துக் கிதாபுகள் சேகரிப்பதில் அவருக்குத் தீராத ஆசை. அவருடைய தகப்பனார் விட்டுப்போனவை சுமார் 300. அதை அவர் 1,400 ஆக்கினார். 1876-ல் அவர் வஃபாத்தாகும் நேரத்தில் மகன் குதா பக்ஷை அழைத்து, இந்தக் கிதாபுகளை வைத்து மக்கள் எல்லாரும் வந்து படிக்கிற ஒரு நூலகத்தைக் கட்ட வேண்டும் என்று வஸிய்யத் செய்தார். மகனும் வக்கீல்தான். அந்த நேரத்தில் கையில் வசதி அதிகமில்லை. வஸிய்யத்தை நிறைவேற்ற அவருக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

அந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. முகம்மது மக்கி என்ற அரபியரை மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் அமர்த்தினார். அந்த மனிதர் பதினெட்டு வருஷம் கெய்ரோ, டமாஸ்கஸ், பெய்ரூத், ஈரான் என்று அலைந்து கிதாபு வாங்கி அனுப்பினார். இன்னொரு வழக்கத்தையும் குதா பக்ஷ் வைத்திருந்தார். கையெழுத்துப் பிரதியை விற்க யார் பாட்னாவுக்கு வந்தாலும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அவருக்கு ரயில் கட்டணத்தை இரட்டிப்பாகக் கொடுத்துவிடுவார். இந்தச் செய்தி பரவியதும் நாட்டில் எங்கே நல்ல பிரதி கிடைத்தாலும் வியாபாரிகள் முதலில் அவர் வாசலுக்குத்தான் வந்தார்கள். வக்கீல் புத்தி என்பது இதுதான் போலும்!

1891-ல் கங்கைக் கரையோரம் சுமார் 80,000 ரூபாய் செலவில் கட்டிய இரண்டு மாடிக் கட்டடத்தில், ஏறத்தாழ 4,000 கையெழுத்துப் பிரதிகளோடு, நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் அவர் எழுதிக் கொடுத்த அறக்கட்டளைப் பத்திரத்தின்படி கட்டடம், கிதாபுகள் எல்லாம் பொதுச் சொத்து. அதில் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: கையெழுத்துப் பிரதிகள் பாட்னாவை விட்டு வெளியே போகக்கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு பக்கம் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைத்தார். மறுபக்கம் ஒரு கிதாபும் வெளியே போகக்கூடாது என்றார். இரண்டும் ஒரே மனிதர் சொன்னவை, இரண்டிலும் முரண்பாடில்லை. படிப்பதற்கு உரிமை எல்லாருக்கும் உண்டு, எடுத்துப் போக யாருக்கும் உரிமையில்லை. நம் பள்ளிவாசல் வக்ஃபு நிலத்துக்கு எந்தச் சட்டமோ அதே சட்டத்தை அவர் கிதாபுக்கு வைத்தார். புத்தகத்தை இரவல் கொடுப்பவனும் குருடன், இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவனும் குருடன் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். நம் மத்ரஸா அலமாரியிலிருந்து இரவல் போன கிதாபுகளின் கணக்கை எடுத்தால் அவர் பேச்சில் உள்ள நியாயம் புரியும்.

திருட்டும் நடந்தது. அருமையான பிரதிகள் சில காணாமல் போயின. கொஞ்ச நாளில் லாகூர்ப் புத்தக வியாபாரி ஒருவரிடமிருந்து குதா பக்ஷுக்கே தகவல் வந்தது: நல்ல பிரதிகள் வந்திருக்கின்றன, வாங்குகிறீர்களா என்று. இப்படிப்பட்ட கிதாபுகளை விலை கொடுத்து வாங்கக்கூடியவர் பாட்னா வக்கீல்தான் என்று அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது, அவை பாட்னா வக்கீலின் கிதாபுகள்தாம் என்பது தெரியவில்லை. இப்படியாகத் திருட்டுப்போனவை வீடு திரும்பின.

என்ன இருக்கிறது அங்கே என்று இளைஞர்கள் கேட்கலாம். அக்பர் காலத்தில் எழுதி, அரசவை ஓவியர்கள் 130-க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்த தைமூர் குடும்ப வரலாறு இருக்கிறது. உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. அதில் ஷாஜஹான் தம் கையால் எழுதிய குறிப்பும் உண்டு. 2011-ல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஹாபிஸின் திவான் ஒன்று இருக்கிறது. ஹுமாயூனும் ஜஹாங்கீரும் ஒரு காரியத்தைத் தொடங்கும் முன் அதைப் புரட்டிப் பார்த்து, என்ன நினைத்துப் பார்த்தோம், பிறகு என்ன நடந்தது என்று ஓரத்தில் தங்கள் கையாலேயே குறித்திருக்கிறார்கள். ஃபால் பார்ப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நாங்கள் போகவில்லை, அதை ஹழ்ரத்மார்கள் பார்த்துக்கொள்வார்கள். பேரரசர்களும் நம்மைப் போல ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குச் சுவையாக இருந்தது. ஸ்பெயின் நாட்டு ஸஹ்ராவி எழுதிய அறுவை மருத்துவக் கிதாபும் அங்கே இருக்கிறது, கருவிகளின் படங்களோடு. இன்று கையெழுத்துப் பிரதிகள் மட்டும் 21,000-க்கும் மேல்.

ஆனால் கிதாபு இருந்தால் போதாது, இன்ன கிதாபு இருக்கிறது என்று வெளியில் தெரிய வேண்டும். அதற்குத்தான் விவரப் பட்டியல். 1908 முதல் ஒவ்வொரு தொகுதியாக அச்சிட்டு இன்றைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் ஆகிவிட்டன. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் உலகத்து அறிஞர்கள் பாட்னாவுக்கு ரயில் ஏறினார்கள். குதா பக்ஷ் அந்த 1908-லேயே வஃபாத்தானார். கடைசிக் காலத்தில் பக்கவாதமும் கடனும் அவரை வாட்டின. நூலக வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். 1969-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கியது. கையெழுத்துப் பிரதிகளைக் கணினியில் ஏற்றும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது.

அரசர்கள் கையெழுத்தைப் பார்க்க வருகிறவர்கள் சிலர்தாம். அதே வளாகத்தில் 1905-ல் கட்டிய கர்சன் வாசிப்பறை என்று ஒன்றுண்டு. பத்திரிகை படிக்கவும் அரசுத் தேர்வுகளுக்குத் தயார் செய்யவும் பாட்னா மாணவர்கள் வந்து உட்காரும் இடம் அது. வீட்டில் தனி அறையும் மேஜையும் மின்விசிறியும் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த நாற்காலிதான் கல்லூரி. 2021-ல் அசோக் ராஜ்பத் சாலையில் மேம்பாலம் கட்டுவதற்காக இந்த வாசிப்பறையை இடிக்கும் திட்டம் வந்தது. அப்போது எழுத்தாளர்கள், வரலாற்று ஆர்வலர்கள், பழைய வாசகர்கள், மாணவர்கள் என்று பலரும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அவர்களில் மாற்று மதத்தவர்களும் நிறையப் பேர். எங்கள் கருத்து இதுதான்: கதவைப் பூட்டி வைத்திருந்த நூலகமாக இருந்திருந்தால் அதற்காகப் பேச ஊரில் ஆள் இருந்திருக்காது. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்து படித்தவர்கள்தாம் அதற்குக் காவலாக வந்தார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் ஒன்று விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994 முதல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அது நடக்கிறது. இலங்கையில் 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் போயின. பின்னால் 2005-ல் அந்நாட்டு இளைஞர்கள் சிலர் சேர்ந்து ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இணையத்தில் ஒரு மின்நூலகத்தைத் தொடங்கினார்கள். இலங்கை முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் அதில் ஏராளம். செல்போன் வைத்திருக்கிற எவரும் காசில்லாமல் படிக்கலாம்.

சரி, இப்போது நம் பரணுக்கு வருவோம்.

நம்மிடம் ஷாஜஹான் கையெழுத்து இல்லை. ஆனால் பாட்னாவில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் அரபுத்தமிழ்க் கிதாபு. இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத ‘ப’, ‘ட’, ‘ள’, ‘ழ’, ‘ங’ போன்ற ஓசைகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர்கள் உண்டாக்கிய எழுத்துமுறை. பள்ளிக்கூடம் போகாத பெண்கள்கூட ஓதப் படிக்கும்போதே இதையும் படித்துவிடுவார்கள். தொழுகைச் சட்டம், மாலைப் பாடல்கள், மருத்துவக் குறிப்பு, வெளிநாட்டிலிருந்து கணவர் போட்ட கடிதம் எல்லாம் இந்த எழுத்தில்தான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் எழுதிய மார்க்கச் சட்ட நூல்களைத் தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தது இந்த எழுத்தில்தான்.

இன்று நிலைமை என்ன? நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியும். குர்ஆன் ஓதத் தெரியும். ஆனால் அரபுத்தமிழ்க் கிதாபைத் திறந்தால் ஓத வராது. புள்ளிகள் வேறு மாதிரி இருக்கின்றன, சொல்லும் விளங்கவில்லை. ஆகவே இது ஏதோ அரபிக் கிதாபு, புனிதமானது என்று நினைத்து முத்தி எடுத்து உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். கிழிந்து உதிர ஆரம்பித்ததும் காலில் படக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மையவாடி ஓரத்தில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். சிலர் படகில் கொண்டுபோய்க் கடலில் விடுகிறார்கள்.

இதைத் தப்பு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஓத முடியாத அளவு பழுதடைந்த முஸ்ஹஃபைக் கண்ணியமாகப் புதைப்பது நம் வழக்கம்தான். ஆனால் அந்த மூட்டையில் முஸ்ஹஃபோடு சேர்ந்து என்ன போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் குர்ஆன் அல்ல. அதில் ஒரு உம்மம்மா பிரசவ மருந்துக்கு எழுதிவைத்த அளவு இருக்கலாம். ரங்கூனிலிருந்து வந்த கடிதம் இருக்கலாம். எந்த அச்சகமும் அச்சிடாத ஒரு மாலைப் பாடல் முழுசாக இருக்கலாம். உலகத்தில் அதற்கு அந்த ஒரே பிரதிதான் இருந்தால்? கண்ணியத்தாலேயே அதை அழித்தவர்கள் ஆவோம்.

இப்படி இழப்பது நமக்குப் புதிதும் அல்ல. தமிழில் முஸ்லிம்கள் தொடர்பாக நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழைய நூல் பல்சந்தமாலை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த நூல் இன்று முழுதாக இல்லை. களவியற்காரிகை என்ற இலக்கண நூலின் உரையில் யாரோ உதாரணத்துக்காக எடுத்துக்காட்டிய எட்டுப் பாடல்கள்தாம் மிச்சம். அந்த உரையாசிரியர் வேறு நூலைத் தேர்ந்தெடுத்திருந்தால் பல்சந்தமாலை என்ற பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது. முழுதாகக் கிடைப்பவற்றில் பழையது ஆயிரமசலா. 1572-ல் மதுரையில் அரங்கேறியது. அது நம் கைக்கு வந்ததற்குக் காரணம் எங்கெங்கோ வீடுகளில் யார் யாரோ அதைப் படித்தும், படியெடுத்தும், கரையானிடமிருந்து காப்பாற்றியும் வைத்திருந்ததுதான்.

ஆகவே நம் அறக்கட்டளை சார்பில் ஒரு சிறு வேலையைத் தொடங்கலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. உங்கள் கிதாபை எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். உங்கள் கண் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு, கிதாபை அதே துணியில் சுற்றி உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். படங்களின் ஒரு பிரதி உங்களுக்குப் பென் டிரைவில். ஒரு பிரதி அறக்கட்டளைக் கணினியில். இன்னொன்று ஊருக்கு வெளியே வேறோர் இடத்தில், வெள்ளமோ தீயோ வந்தால் பத்திரமாக இருக்க. குதா பக்ஷ் கிதாபு ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றார். நாங்கள் அது வீட்டைவிட்டே போக வேண்டாம் என்கிறோம்.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் சில வீடுகளில் தயக்கம் தெரிந்தது. அதை மூடி மறைக்காமல் இங்கேயே பேசிவிடுவது நல்லது.

பழைய பெட்டியில் கிதாபு மட்டுமா இருக்கிறது? பத்திரம் இருக்கிறது, பாகப்பிரிவினைத் தாள் இருக்கிறது, எழுபது வருஷத்துக்கு முன்னால் இன்னாருக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய குறிப்பு இருக்கிறது. சகோதரிக்குச் சேரவேண்டிய பங்கு சேர்ந்ததா இல்லையா என்பதற்கு அத்தாட்சி சில வீடுகளில் அந்தப் பெட்டியில்தான் கிடக்கிறது. அதைத் திறந்தால் பழைய வழக்கும் சேர்ந்து திறக்குமே என்ற பயம் நியாயமானது. ஆகவே சொத்துப் பத்திரம், பாகக் கணக்கு, கடன் குறிப்பு, தலாக் சம்பந்தப்பட்ட தாள் எதையும் நாங்கள் தொடமாட்டோம், படம் எடுக்கமாட்டோம். நீங்களே பிரித்து வைத்துவிட்டுப் பிறகு எங்களைக் கூப்பிடுங்கள். குடும்பக் கடிதங்களை எடுப்பதானால் வாரிசுகள் எல்லாரும் சம்மதித்தால்தான். சம்மதித்த பிறகும், இன்ன கடிதத்தை இத்தனை வருஷத்துக்கு வெளியாருக்குக் காட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே பூட்டி வைப்போம். (பெட்டிக்குள் ஒரு சகோதரியின் உரிமை இருக்கிறது என்று தெரிந்தால் அதைக் கொடுத்துவிடுவது வேறு கடமை. அதற்குப் படம் எடுக்கத் தேவையில்லை.)

இன்னொரு விஷயம். நம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வீடு பெண் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. கிதாபும் வீட்டோடு உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது. அதனால் அந்தக் கிதாபுக்குச் சம்மதம் சொல்ல வேண்டியது வீட்டுப் பெண்கள்தாம். கூட்டத்தில் ஒரு மச்சான் எழுந்து “எங்க வீட்ல நாலு கிதாபு இருக்கு, வந்து எடுத்துக்கங்க” என்று சொன்னால் நாங்கள் அதை அப்படியே எழுதிக்கொள்ளமாட்டோம். வீட்டுக்கு வந்து கேட்பதற்கும் படம் எடுப்பதற்கும் நம் கல்லூரிப் பெண் பிள்ளைகள் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், படம் எடுப்பதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. படம் எடுத்த பக்கத்தை யார் படிப்பது? ஆலிம்களில் சிலருக்கு அரபுத்தமிழ் தெரியும். ஆனால் சரளமாக, ராகத்தோடு படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் எழுபது எண்பது வயதுத் தாய்மார்கள்தாம். ஒரு சொல்லைப் பார்த்ததும் இது இன்ன மருந்துச் செடி, இது இன்ன பாத்திரம், இது நம் ஊரில் மட்டும் சொல்கிற வார்த்தை என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. கிதாபு இன்னும் ஐம்பது வருஷம் பரணில் தாங்கும். அதைப் படிக்கத் தெரிந்த உம்மம்மா அவ்வளவு நாள் இருக்கமாட்டார். ஆகவே பேரன் பேத்திகளிடம் கேட்கிறோம். இந்த விடுமுறையில் ஒரு மதியம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கிதாபை விரித்து வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். நடுவில் “இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று கேளுங்கள். சமையலறைச் சத்தமும் சேர்ந்து பதிவானால் பரவாயில்லை. அந்தப் பதிவையும் படங்களோடு சேர்த்து வைப்போம்.

சேர்ந்த பிறகு என்ன செய்வோம்? பட்டியல் போடுவோம். பாட்னாக்காரர்கள் முப்பது தொகுதி போட்டார்கள், நமக்கு முப்பது பக்கம் வந்தாலே சந்தோஷம். என்ன கிதாபு, எத்தனை பக்கம், கையெழுத்தா கல்லச்சா, எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் குறித்திருக்கிறதா என்ற விவரம் மட்டும் அந்தப் பட்டியலில் இருக்கும். எந்த வீட்டுக் கிதாபு என்பதை வீட்டார் விரும்பினால்தான் போடுவோம். நகைக்கு வருகிற மாதிரி கிதாபுக்கும் ஆள் வருவான் என்று சிலர் சொன்னார்கள், அதுவும் உண்மைதான். பழைய கிதாபு வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்கத்தான் வேண்டியிருந்தால் முதலில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். படமாவது எடுத்துக்கொள்கிறோம்.

மத்ரஸாவின் மேற்குப் பக்க அறை காலியாக இருக்கிறது. பழைய பாய்களையும் மீலாது மேடைப் பலகைகளையும் அங்கிருந்து அப்புறப்படுத்தி வெள்ளை அடித்தால் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து படிக்கலாம். ஒரு கணினியில் இந்தப் படங்கள், பக்கத்து மேஜையில் தினப்பத்திரிகைகள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்திருக்கும். எந்தத் தெருப் பிள்ளை, எந்த மதத்துப் பிள்ளை என்று வாசலில் யாரும் கேட்கப்போவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு நேரம் தனியாக ஒதுக்குவதா, இடம் தனியாக ஒதுக்குவதா என்பதை மகளிர் குழுவே முடிவு செய்யட்டும். இதற்கு மின்விசிறி இரண்டும் மேஜைகளும் தேவைப்படும். பணம் கேட்கமாட்டோம் என்று ஆரம்பத்தில் சொல்லிவிட்டோம், அதனால் பொருளாளர் தனியாக வந்து பார்ப்பார்.

கடைசியாகச் சில நடைமுறைகள். பழைய கிதாபை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு ஒடிந்துவிடும். லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசை நாளடைவில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நம் கடற்கரை ஈரத்துக்கு உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். சாயம் போகாத பழைய வெள்ளைப் பருத்தித் துணி போதும், துவைத்து நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க எச்சில் தொடாதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள், பயிற்சி பெற்ற பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பழுதடைந்ததைப் புதைக்கத்தான் வேண்டும் என்றாலும் மூட்டையை முதலில் மத்ரஸாவுக்குக் கொண்டுவாருங்கள். ஹழ்ரத் அவர்கள் பிரித்துப் பார்த்து, முஸ்ஹஃப் ஏடுகளை மட்டும் தனியாக எடுத்து முறைப்படி அடக்கம் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறுதோறும் லுஹர் தொழுகைக்குப் பிறகு அஸர் வரை அலுவலகம் இதற்காகத் திறந்திருக்கும். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு நாங்களே வருகிறோம். வாசலில் மகளிர் குழுவினர் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் என்ன கிதாபு இருக்கிறது என்று தெரியாதவர்களும் பெயரும் தெருவும் மட்டும் எழுதிவிட்டுப் போகலாம்.